ஒரு பரப்பும் ஒரு கொப்பியும்: வன்னியில் புல்தரைத் தொழில் பழகுவது எப்படி

"புல்லு வெட்டுறதுக்கும் ஒரு படிப்போ?" கட்டாரில் இருந்து நான் திரும்பி வந்த வருடம் என் மாமி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் புல் என்றால் மாட்டுக்கு. வளவில் முளைத்தால் மண்வெட்டியால் செருக்கி எறிவோம். விளக்குமாற்றுக் கோடு தெரியக் கூட்டிய வெறும் மண் முற்றம்தான் துப்புரவான முற்றம். இந்த ஊரில் புல்லை வேண்டுமென்று வளர்த்து அதில் சம்பளம் வாங்குகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

தோகாவில் ஒன்பது வருடம் நான் செய்த வேலை அதுதான். புல் நட்டேன், வெட்டினேன், தெளிப்பான் குழாய் கழற்றிப் பூட்டினேன். ஆறாவது வருடம் மேற்பார்வையாளர் இடம் ஒன்று வெற்றிடமானது. என்னிடம் வேலை பழகிய கேரளத்துத் தம்பி ஒருவனுக்கு அது போனது. அவனிடம் ஒரு டிப்ளோமா இருந்தது, என்னிடம் உள்ளங்கைக் காய்ப்பு மட்டும். மனேஜர் ஒளிக்காமல் சொன்னார்: "உனக்கு வேலை தெரியும். ஆனால் எதைக் காட்டி மேலே எழுதிப்போடுவது?"

அன்று காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றேன். இன்று கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மைதானத்தையும் இரண்டு ஹோட்டல் தோட்டங்களையும் பார்க்கிறேன். தொழில் தகைமைச் சான்றிதழும் எடுத்துவிட்டேன். என்னிடம் வேலை பழக வரும் தம்பி தங்கச்சிமாருக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். படிப்பு முடித்து நிற்கிறவர்களுக்கும், ஏற்கெனவே எங்கோ ஒரு மைதானத்தில் நாள் சம்பளத்துக்குப் புல் வெட்டுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு பரப்பு

பழக நிலம் வேண்டும். ஒரு பரப்பு போதும். பத்துப் பேர்ச், அதாவது கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர். இதைவிடச் சின்னதாக எடுத்தால் தண்ணீர்க் கணக்கும் பசளைக் கணக்கும் கையில் பிடிபடாது. இதைவிடப் பெரிதாக எடுத்தால் களை பிடுங்கியே முதல் வருடம் முடிந்துவிடும்.

நிலத்தில் அலவாங்கை இறக்குவதற்கு முன் ஒன்று. நீண்டகாலம் ஆள் புழங்காத காணி, பழைய காவலரண் இருந்த இடம், பதுங்குகுழி மூடிய மேடு என்றால் அயலவரிடமும் கிராம சேவகரிடமும் கேட்டுவிட்டுத்தான் தோண்டுங்கள். இரும்பு தட்டுப்பட்டால் தொடக்கூடாது. வந்த காலடி வழியே திரும்பி வந்து 119க்குச் சொல்லுங்கள். வேறு நாட்டுப் புல்தரைக் கையேடுகளில் இந்தப் பக்கம் இருக்காது. எங்களுக்கு இதுதான் முதல் பக்கம்.

அடுத்தது வேலி. கட்டாக்காலி மாடு ஓர் இரவில் செய்வதை நீங்கள் மூன்று மாதத்தில் திருத்த முடியாது. மேய்வது பெரிய கேடு அல்ல. ஈர மண்ணில் குளம்பு விழுந்த குழிதான் கேடு. முல்லைத்தீவுப் பக்கம் காட்டோரமாக இருந்தால் பன்றியையும் நினைவில் வையுங்கள்.

மண்ணைப் படிக்க ஒரு போத்தலும் ஒரு பேணியும்

காலடி மண்ணைச் சாண் ஆழத்தில் எடுத்து, கல் வேர் நீக்கி, ஒரு நெடிய ஜாம் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத் தூள். நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் படிவது வண்டல். மேலே ஒரு நாளோ இரண்டு நாளோ கலங்கி நின்று கடைசியில் இறங்குவது களி. அடிமட்டத்தால் மூன்று படையையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இதுதான் உங்கள் முதல் பதிவு.

ஏன் இவ்வளவு பாடு? வன்னி முழுக்க ஒரே மண் இல்லை. முல்லைத்தீவுப் பக்கத்துச் சிவப்பு மண் பலது தண்ணீரை வடிதட்டுப் போல விட்டுவிடும். குளத்துக்குக் கீழான வயல் மண் பிடித்துவைக்கும். மன்னார் போகிற வழியில் முருங்கன் களிமண்ணோ மாரியில் காலை விடாது, கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். புல் எல்லாவற்றிலும் முளைக்கும். பராமரிப்புத்தான் மண்ணுக்கு மண் வேறு.

இனிப் பேணி. பெரிய பால்மா பேணி ஒன்றை இருபக்கமும் வெட்டிக் குழலாக்கி, மண்ணில் ஐந்து சென்ரிமீற்றர் இறக்குங்கள். ஒரு தரம் தண்ணீர் விட்டு வற்றவிட்டு, இரண்டாம் தரம் விடும்போது நேரம் பாருங்கள். பத்து மில்லிமீற்றர் இறங்க அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால், கார்த்திகை மழையில் அந்த இடம் குளம்தான். அங்கே புல்லுக்கு முன் வடிகால். நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம் என்ற அளவில் சரிவு கொடுத்தால் கண்ணுக்கும் தெரியாது, தண்ணீரும் நிற்காது. மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மேசன்மார் பாவிக்கிற தண்ணீர்க் குழாய் மட்டம் போதும்.

தண்ணீர்: இங்கேதான் தொழில் இருக்கிறது

யாராவது என்னிடம் ஒரே ஒரு பாடம் சொல்லித்தரக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எங்கள் பக்கம் மழை ஐப்பசியில் இருந்து தை வரை கொட்டித்தீர்க்கும். பிறகு சித்திரையில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று. அந்தக் காற்றில் காயப்போட்ட சாரமே ஒரு மணித்தியாலத்தில் உலர்ந்துவிடும், புல் என்ன செய்யும்?

கணக்கு இலகு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஒரு லீற்றர். கடும் கோடையில் நிலத்தில் இருந்தும் இலையில் இருந்தும் நாளுக்கு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் ஆவியாகும். அறுகுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தால் தாங்கும். அப்படியென்றால் நாளுக்கு 4 மில்லிமீற்றர், ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 1000 லீற்றர். வீட்டுக்கூரையில் நிற்கிற கறுப்புத் தாங்கி ஒன்று. ஒரு பரப்புக்கு, ஒரு நாளைக்கு! 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலமான உதைபந்தாட்ட மைதானத்துக்கு இதையே பெருக்கிப் பாருங்கள், 28,000 லீற்றரைத் தாண்டும். "மைதானம் முழுக்க வருடம் முழுக்கப் பச்சையாக வைத்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், கிணறு எங்கே என்று கேளுங்கள்.

இந்தத் தண்ணீரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கக்கூடாது. வேர் சோம்பேறியாகி மேலேயே படுத்துவிடும். மூன்று நாளுக்கு ஒரு தரம் 12 மில்லிமீற்றர் கொடுங்கள், வேர் கீழே தேடிப்போகும். சிவப்பு மண்ணில் இரண்டு நாளுக்கு ஒரு தரம் 8. விடிய நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கினால் காற்று எழும்ப முன் முடிக்கலாம்.

எத்தனை மில்லிமீற்றர் விழுந்தது என்று எப்படித் தெரியும்? வெறும் மீன் டின் பன்னிரண்டை ஒரே அளவில் பார்த்துச் சேருங்கள். தெளிப்பானைச் சுற்றிப் பரவலாக வைத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் அடிமட்டத்தால் அளவுங்கள். முதல் தரம் அளந்தபோது எனக்கு ஒரு டின்னில் 2 மில்லிமீற்றர், பக்கத்து டின்னில் 9. அதுவரை அந்த மூலை ஏன் காய்கிறது என்று பசளை போட்டுக்கொண்டிருந்தேன்.

புல் தண்ணீர் கேட்கும் விதத்தையும் பழகுங்கள். பின்னேரம் புல்லில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதித்த இலை எழும்பினால் தாகமில்லை. காலடித் தடம் அப்படியே கிடந்து, பச்சை நிறம் சற்றுச் சாம்பல் நீலமாகத் தெரிந்தால் நாளை விடியத் தண்ணீர் கொடுத்தே ஆகவேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் தோகாவில் இருந்த ஒரு நேபாளத்து அண்ணை. எழுத்து வாசிக்கத் தெரியாத மனிதர், நிலத்தை வாசிப்பார்.

உப்பைப் பற்றி ஒரு சொல். பூநகரிப் பக்கமும் கடலோரமும் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். மண்ணில் உள்ள உப்பின் அளவை மின்கடத்துதிறனாக அளப்பார்கள். அலகு மீற்றருக்கு டெசிசீமன்ஸ். அறுகு கிட்டத்தட்ட 7 வரை தளராமல் நிற்கும், சோளமோ கத்தரியோ அதற்கு எவ்வளவோ முன்னரே படுத்துவிடும். அதைவிட உப்பைத் தாங்குவது கடற்கரைப் பாஸ்பலம். 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்குக் கட்டார் மைதானங்களில் போட்டது அந்த இனத்துப் புல்தான். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு தரம் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். எங்கே கொடுக்கலாம் என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் சொல்வார்.

எந்தப் புல்?

பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகுதான் வெப்ப நாடுகள் பலவற்றில் மைதானப் புல். தாவரவியல் பெயர் சைனோடொன் டக்டிலோன். அதன் கலப்பினங்கள்தான் டிஃப்வே போன்ற விலைகூடிய வகைகள். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் உருவாக்கியதால் அந்தப் பெயர். பழகுவதற்கு எங்கள் வாய்க்கால் வரம்பு அறுகே போதும்.

நாற்றுத் தவறணைகளில் மலேசியன் புல், புளூ கிராஸ், பஃபலோ என்று பெயர் சொல்லி விற்பார்கள். ஒரு கடையில் மலேசியன் என்பது அடுத்த கடையில் வேறு புல்லாக இருக்கும். அதனால் தாவரவியல் பெயரைப் பாடமாக்குங்கள். சோய்சியா, அக்ஸோனோபஸ், பாஸ்பலம், சைனோடொன் என்று நாலு பேரினம் தெரிந்தாலே இங்கே காரியம் நடக்கும். நேர்முகத்தில் இந்தப் பெயர்கள் வாயில் வந்தால் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நடுகைக்கு நேரம் ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு, பெருமழைக்கு முன். ஒரு சதுர மீற்றர் அறுகைத் தோண்டி, கணுக்கணுவாகப் பிரித்தால் பத்துச் சதுர மீற்றருக்கு நடலாம். ஒரு சாண் இடைவெளியில் சால் இழுத்து, இரண்டு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே என்று வைத்து, மிதித்துவிட்டுத் தண்ணீர். தை மாதம் மண் மூடியிருக்கும்.

மரநிழலில் அறுகு வராது. இதைப் பாடசாலை அதிபர்மாருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வேம்புக்கும் புளிக்கும் கீழே புல் கேட்டால் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். அங்கே கிரவல் பரப்பி ஒரு வாங்கு போட்டால் பிள்ளைகள் இருப்பார்கள். புல்லுக்காக மரம் தறிக்கச் சொல்கிறவரிடம் வேலை எடுக்காதீர்கள். பாலையும் மருதும் நிற்கிற வளவுக்கு அதைவிட அழகு நீங்கள் ஒன்றும் செய்துவிடப் போவதில்லை. நிலத்தோற்ற வடிவமைப்பு பற்றி எனக்கு இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. அது தனிப் படிப்பு.

வெட்டு

விதி ஒன்றுதான்: ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது. 30 மில்லிமீற்றரில் வைக்கவேண்டும் என்றால் 45 ஆகும்போது வெட்டவேண்டும். மாரியில் அது வாரத்துக்கு இரண்டு தரமாகக்கூட வரும். "விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் ஒட்ட வெட்டிவிடு" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். முழங்கால் உயரப் புல்லை ஒட்ட வெட்டினால் மிஞ்சுவது மஞ்சள் தட்டை மட்டும்.

வெட்டின அடுத்தநாள் காலை குந்தியிருந்து இலை நுனியைக் கிட்டப் பாருங்கள். நுனி கத்தரித்தது போல நேராக இருந்தால் கத்தி கூர். வெள்ளையாக நார் நாராகக் கிழிந்திருந்தால் கத்தி மொட்டை, மெசின் புல்லை வெட்டவில்லை, அடித்துப் பிய்த்திருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் மைதானமே வெளிறித் தெரிவது இதனால்தான். கத்தியைக் கழற்ற முன் பிளக் வயரைக் கழற்றுங்கள், இதில் மறதி என்ற பேச்சுக்கே இடமில்லை. அரத்தால் தீட்டியபின் கத்தியின் நடுத்துளையைச் சுவர் ஆணியில் மாட்டுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கம் பாரம் கூட, இன்னும் கொஞ்சம் அராவவேண்டும். சரியாமல் நின்றால்தான் மெசினில் பூட்டலாம், இல்லாவிட்டால் நடுங்கி எஞ்சினைத் தின்றுவிடும். உருளைக் கத்தி மெசின் என்றால் பத்திரிகைத் தாள் துண்டைக் கத்திக்குள் கொடுத்துக் கையால் சுற்றுங்கள். முழு நீளத்துக்கும் தாள் கிழியாமல் வெட்டுப்படவேண்டும்.

2022இல் பெற்றோலுக்கு கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில், யாரோ மூலையில் போட்டிருந்த கைத்தள்ளு உருளை மெசினைத் தீட்டி எடுத்துத்தான் மைதானத்தைக் காப்பாற்றினேன். முதுகு முறிந்தது. ஆனால் அந்த நாலு மாதத்து வெட்டுப் போல அதற்குப் பிறகு ஒரு வெட்டு வரவில்லை.

பசளையும் வரிக்குதிரையும்

வளரும் காலத்தில் மாதம் ஒரு தரம், சதுர மீற்றருக்கு 5 கிராம் தழைச்சத்து (நைதரசன்) என்பது தொடக்க அளவு. யூரியாவில் 46 வீதம் தழைச்சத்து. ஆகவே சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 11 கிராம் யூரியா, ஒரு பரப்புக்கு இரண்டே முக்கால் கிலோ. தராசில் நிறுத்துத்தான் போடவேண்டும், கைக் கணக்கு வேண்டாம்.

நான் கைக் கணக்கில் போட்டேன். ஊருக்கு வந்து எடுத்த முதல் கொந்தராத்து, ஒரு பாடசாலை மைதானம். வயலில் எறிகிற பழக்கத்தில் ஒரே திசையில் நடந்து வீசினேன். பத்து நாளில் மைதானம் வரிக்குதிரை. கடும் பச்சை ஒரு கோடு, மஞ்சள் ஒரு கோடு, நடுவில் பனி ஈரத்தில் யூரியா ஒட்டிக் கருகின பொட்டுகள். மேல்மாடி வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் பார்த்துச் சிரித்தார்கள். அதிபர் சேர் சிரிக்கவில்லை. மிச்சக் காசு வர ஐந்து மாதம் எடுத்தது.

சரி, எப்படிப் போடவேண்டும்? நிறுத்த பசளையை இரண்டு பாதியாக்குங்கள். ஒவ்வொரு பாதியையும் உலர்ந்த மணலோடு கலந்து பருமனாக்குங்கள். முதல் பாதியை வடக்குத் தெற்காக நடந்து எறியுங்கள், மற்றதைக் கிழக்கு மேற்காக. இலை உலர்ந்திருக்கவேண்டும். போட்ட கையோடு தண்ணீர்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எல்லோரையும் போல நானும் மாட்டெருவுக்கு மாறினேன். புல் பசுமையாகத்தான் வந்தது. எருவோடு களையும் வந்தது. மக்காத எருவை மைதானத்தில் கொட்டக்கூடாது என்பதை அந்த மாரியில் படித்தேன்.

களையில் எமன் கோரைதான். தண்டை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று மூலை தட்டுப்படும். பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழே சங்கிலி போலக் கிடந்து திரும்ப முளைக்கும். மாரியில் உழுதால் கிழங்கைப் பரப்பிவிடுவீர்கள். எங்கள் கோடைதான் இதற்கு மருந்து. நடுகைக்கு முந்திய ஆடி, ஆவணியில் நிலத்தைப் புரட்டிக் கிழங்கை வெயிலுக்குக் காட்டுங்கள், இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் புரட்டுங்கள். காய்ந்த கிழங்கு முளைக்காது.

முருங்கன் மண்

கிரிக்கெட் ஆடுகளம் போடத் தெரிந்தவனுக்கு வடக்கில் வேலைக்குப் பஞ்சமில்லை. அதற்கு வேண்டிய களிமண் எங்கள் பக்கத்திலேயே, முருங்கனில் இருக்கிறது. தெற்கில் இருந்தும் தேடி வருகிற மண் அது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் ஒருகாலத்தில் களி அங்கிருந்துதான் போனது.

ஆடுகளம் 20.12 மீற்றர் நீளம், 3.05 மீற்றர் அகலம். பத்துச் சென்ரிமீற்றர் தடிப்புக்குக் களி போட்டால் ஆறு கன மீற்றர் சொச்சம், எங்கள் கணக்கில் இரண்டு கியூபுக்குக் கொஞ்சம் மேல் (ஒரு கியூப் என்றால் நூறு கன அடி). உருட்டினால் இறுகும், அதனால் மூன்று கியூப் எடுங்கள். மண் ஏற்ற அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் டிப்பர் பொலிஸில் நிற்கும்.

வந்த மண் சரியா என்று பார்க்க, பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, பலகைக்குக் கீழே வைத்து மெல்ல ஏறுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் கூட. ஆளின் பாரத்துக்குக் கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பிறகு டக்கென்று பிளந்தால் நல்ல மண். அரித்து, இரண்டு மூன்று படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் மேல் கிளறி ஈரமாக்கித்தான் அடுத்ததைப் போடவேண்டும். இல்லாவிட்டால் படைக்குப் படை ஒட்டாது, பந்து ஒருநாள் முழங்காலுக்கு வரும், ஒருநாள் மூக்குக்கு.

போட்டிக்கு நாலைந்து நாள் முன் நன்றாக நனைத்து, காயக் காய உருட்டுங்கள். பெருவிரலால் அழுத்தித் தடம் விழும்வரை உருளையில் பயன் இருக்கிறது. தடம் விழாவிட்டால் நிறுத்துங்கள். அதற்கு மேல் உருட்டுவது அதிபர் சேருக்குக் காட்டத்தான்.

கொப்பி

இவ்வளவையும் செய்து எழுதாமல் விட்டால், ஆறாவது வருடத்து நான்தான் நீங்கள். 200 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்: திகதி, மழை எத்தனை மில்லிமீற்றர், தண்ணீர் எத்தனை நிமிடம், வெட்டின உயரம், போட்டது என்ன எவ்வளவு, கண்டது என்ன. பிழைகளையும் எழுதுங்கள். மாதம் ஒரு தரம் அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், ஒரு படம்.

இந்தக் கொப்பிதான் சான்றிதழுக்கு வழி. இலங்கையில் தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரை மட்டங்களாக இருக்கிறது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் மேலே இருந்து பார்க்கிறது. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்து பழகியவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை உண்டு. நைற்றா என்று எல்லோரும் சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் இதைக் கேளுங்கள். தோட்டக்கலை, நாற்றுமேடை, நிலத்தோற்றம் பக்கத்தில் அந்த நேரம் எந்தத் தகைமைக்கு மதிப்பீடு நடக்கிறது என்பதை அங்கேயே உறுதிப்படுத்துங்கள்.

என் மதிப்பீட்டு நாளில் வந்த சேர் முதலில் என்னைத் தெளிப்பான் ஒன்றைக் கழற்றிப் பூட்டச் சொன்னார். பிறகு கொப்பியைக் கேட்டார். வரிக்குதிரைப் பக்கத்தில் விரலை வைத்து, "இது ஏன்?" என்றார். சொன்னேன். "அடுத்த மாதம் என்ன மாற்றினீர்?" என்றார். பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அரை மணித்தியாலம் அந்த இரண்டு பக்கத்திலேயே கேள்வி கேட்டார்.

உயர்தரம் முடித்தவர்களுக்கு வழி வேறு. வவுனியா தாண்டிக்குளத்தில் விவசாயக் கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், எங்கள் வாசலிலேயே இருக்கிறது. மாகந்துரையில் வயம்பப் பல்கலைக்கழகத்துக்குத் தோட்டக்கலைக்கும் நிலத்தோற்றத்துக்கும் என்றே ஒரு துறை உண்டு. ஆங்கிலம் கைவந்தவர்கள் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் புல்தரைப் பாடங்களைப் பார்க்கலாம். செலவு கூட. பாடத்திட்டத்தை மட்டும் வாசித்தாலும் எதை எந்த ஒழுங்கில் படிக்கவேண்டும் என்பது தெரியும்.

இந்தத் தொழிலின் உச்ச வேலையைப் பார்க்க விரும்பினால் ஒரு தரம் கோல்ஃப் மைதானத்துக்குப் போய் வாருங்கள். கொழும்பில் இருப்பது 1879இல் தொடங்கிய கழகம். நுவரெலியாவிலும், கண்டிக்குப் பக்கத்தில் திகனவிலும் உண்டு. எங்களுக்குக் கிட்ட என்றால் திருகோணமலை சீனன்குடா. அங்கே குழி இருக்கிற பச்சைத் தரையை நாலைந்து மில்லிமீற்றரில் வைத்திருப்பார்கள். கைவிரல் நகத்தின் பாதி உயரம்கூட இல்லை. கூலிக்குப் போனாலும் பரவாயில்லை, ஆறு மாதம் அங்கே நில்லுங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் ஃபோர்மன் சொல்லித்தருவார், தெரியாவிட்டால் ஏவுவார்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் சான்றிதழை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புப் பயணம் மிச்சம். கொப்பியின் படங்களைத் தொலைபேசியிலும் வைத்திருங்கள்.

தங்கச்சிமாருக்கு ஒன்று. இது ஆம்பிளை வேலை என்று சொல்வார்கள். என்னிடம் பழகிய நாலு பேரில் மீன் டின் கணக்கை ஒரு புள்ளியும் பிழைக்காமல் செய்தது ஒரு தங்கச்சிதான். அவ இப்போது தனியாக ஒரு தவறணை நடத்துகிறா, நான் புல் வாங்குவதே அவவிடம்.

இதை வாசிக்கிற நேரம் ஆடி, ஆவணி என்றால் இப்போதே வேலியைப் போட்டுக் கோரையைப் புரட்டிவிடுங்கள். புரட்டாதியில் போத்தலும் பேணியும் வைத்து மண்ணைப் பார்த்து, சரிவை முடித்துவிடலாம். அறுகைத் தோண்டுவது முதல் மழை விழுந்த பிறகு.